புதுப்பிப்பு: ரப்பர் வெட்டும் அப்பாவின் தோள்வலிக்கு எந்த ஆப் உதவியது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு மேலாக வலது தோளிலும் கழுத்திலும் தசைவலி, அதைக் கணக்கு வைக்க எந்த ஆப் நல்லது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது வலியைக் குறித்து வைக்கும் ஆப்தான். உடல் படத்தில் வலிக்கிற இடத்தைத் தொட்டு, 0 முதல் 10 வரை ஓர் எண் போட்டு, தூக்கம், வேலை, மாத்திரை எல்லாவற்றையும் கூடவே பதியலாம். ஆங்கிலத்தில் இருந்ததால் அப்பா சொல்லச் சொல்ல நான் பதிந்தேன். தினமும் ஒரே நேரத்தில் பதிந்தால்தான் ஒப்பிட முடியும். இன்னொருவர் சொன்னபடி போனை மேல்கையில் கட்டி, சாய்வுக் கோணம் காட்டும் ஆப்பில் கை எவ்வளவு தூரம் உயர்கிறது என்றும் பார்த்தோம், அதுவும் உதவியது. நடை எண்ணும் ஆப் இந்த வலிக்குப் பயன்படவில்லை.

எதிர்பாராதது என்னவென்றால், வெட்டு அதிகமான நாளைவிட தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள்தான் எண் ஏறியது. விடியும் முன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போகிற தொழில், தூக்கம் எப்படிச் சரியாகும்? நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்ட் இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, இரவு சீக்கிரம் படுக்கச் சொல்லி, பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும்படி மாற்றித் தந்தார். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் 7, 8 என்று இருந்தது இப்போது பெரும்பாலும் 3, 4தான்.

ஒன்று மட்டும், ஆப் நோயைக் கண்டுபிடிக்காது. கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ பதிந்துகொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.