வடலூரில் பாட்டிக்கும் பேரனுக்கும் யார்கிட்ட உதவி கேட்கலாம்?

கேள்வி: எங்க தெருவுல மாவு அரைச்சு விக்கிற பாட்டிக்கு முட்டி வலி, யாவாரம் படுத்துடுச்சு. பேரன் அரசுப் பள்ளியில பிளஸ் டூ முடிச்சிருக்கான். காசா நீட்டினா சண்டைக்கு வருவாங்க!

பதில் 1: வடலூர்ல இருந்துக்கிட்டா கேக்குறீங்க? வள்ளலார் 1867-ல ஏத்துன அடுப்பு தருமச்சாலையில இன்னும் அணையல. சாதி, மதம் பாக்காம சோறு போடுவாங்க.

கேட்டவர்: அங்க போய் சாப்பிடுவாங்களா? வருசா வருசம் தருமச்சாலைக்கு அரிசி குடுக்கிற பாட்டியாச்சே.

பதில் 2: பையனுக்கு, வசதியில்லாத பசங்களைக் காலேஜ்ல படிக்க வைக்கிற அகரம் அறக்கட்டளையோட விதைத் திட்டம் இருக்கு. வீட்டுக்கே வந்து விசாரிப்பாங்க, கௌரவம் பாத்து எதையும் மறைக்க வேணாம்னு சொல்லுங்க. பாட்டிக்கு முதியோர் உதவி எண் 14567. முதியோர் பென்ஷனுக்கு இ-சேவை மையத்துல எழுதிப் போடுங்க. 2023-ல மாசம் 1200 ரூபாயா உயர்த்துனாங்க. கவர்மெண்ட் பணம்னா வாங்கிப்பாங்க.