மூடி வைத்த மடிக்கணினி ராத்திரியில் மின்னஞ்சல் வந்ததைச் சொல்லுமா?

ஜெலுத்தோங் கணக்கர்
வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. லண்டனில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். அங்கே மாலை 5 மணி என்றால் நமக்கு நள்ளிரவு, குளிர்காலத்தில் 1 மணி. அவசரம் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும்.

போன செவ்வாய் 11.30க்கு மடிக்கணினியை மூடினேன். அணைக்கவில்லை, ஸ்லீப்பில் விட்டேன். அவுட்லுக் திறந்தே இருந்ததால் சத்தம் கேட்கும் என்று நம்பித் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் திறந்ததும் டிங், டிங் என்று வரிசையாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஹாலில் படுத்திருந்த அப்பா பதறி எழுந்துவிட்டார். அவர் கண் அயர்வதே விடியற்காலை 4 மணிக்கு மேல்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்ததில் ஒன்று சம்பளப் பட்டியல் திருத்தம். ராத்திரியே பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

ஸ்லீப்பில் இருக்கும்போதே அடிக்க வைக்க வழி உண்டா? விண்டோஸ் 11, ஜிமெயில் கணக்கு. கைப்பேசியில் ஜிமெயில் அறிவிப்பை அணைத்துவிட்டேன், விளம்பரத்துக்கெல்லாம் அடிக்கிறது.

பாயான் லெப்பாஸ் தம்பி
அக்கா, உங்கள் கணினியில் கோளாறு இல்லை. பழைய வகை ஸ்லீப்பில், அதை எஸ்3 என்பார்கள், மெமரிக்கு மட்டும்தான் மின்சாரம் போகும். வைஃபை நின்றுவிடும். புதிய கணினிகளில் வரும் எஸ்0 வகையில் நெட்வொர்க் தொடரலாம், ஆனால் அவுட்லுக் மாதிரி டெஸ்க்டாப் நிரல்களை விண்டோஸ் நிறுத்தி வைத்துவிடும்.

ஐமேப் என்ற அஞ்சல் நெறிமுறை வழியாக அஞ்சல் எடுக்கும் நிரல், சர்வரோடு ஒரு இணைப்பைத் திறந்தே வைத்துக் காத்திருக்கும். 29 நிமிடத்துக்குள் ஒரு தடவையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று 1997ல் வந்த நெறிமுறையே சொல்கிறது. தூங்கும் கணினி எப்படிப் புதுப்பிக்கும்? சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். அஞ்சல் எங்கும் போகாது, சர்வரிலேயே இருக்கும். நீங்கள் திறந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கும்.

செந்தூல்வாசி
நான் மேக் வைத்திருக்கிறேன். அதில் பவர் நாப் என்று 2012லிருந்து ஒரு வசதி உண்டு. தூங்கும்போதே அஞ்சலை எடுத்து வைக்கும், ஆனால் சத்தம் போடாது. ஸ்லீப்பே ஆகாதபடி செட்டிங்கை மாற்றலாம்தான். தயவுசெய்து மூடிய கணினியை அப்படி ஓடவிட்டு மெத்தையில் மட்டும் வைக்காதீர்கள், சூடு வெளியேற வழி இருக்காது.

பாயான் லெப்பாஸ் தம்பி
அதுதான் அக்கா, ராத்திரிக் காவலுக்குக் கைப்பேசிதான் சரி. கணினியில் ஜிமெயிலைப் பிரௌசரில் திறந்து, அந்தக் கம்பெனி முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு 'லண்டன்' என்று லேபிள் கொடுங்கள். கைப்பேசிச் செயலியில் ஃபில்டர் போட முடியாது. அப்புறம் ஆண்ட்ராய்டு ஜிமெயில் செட்டிங்கில் அறிவிப்பை இயக்கி, அந்த லேபிளுக்கு முதலில் சிங்க், அதாவது அஞ்சலைக் கைப்பேசிக்கு இறக்கும் வசதி, பிறகு லேபிள் அறிவிப்பு, இரண்டையும் இயக்குங்கள். சிங்க் வைக்காவிட்டால் அறிவிப்பே வராது, பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். இன்பாக்ஸ் லேபிளின் அறிவிப்பை மட்டும் அணைத்துவிடுங்கள்.

காலைச் சத்தத்துக்கு, விண்டோஸில் 'டூ நாட் டிஸ்டர்ப்' தானாக இயங்கும் நேரத்தை ராத்திரி 11 முதல் காலை 9 வரை வைத்துவிடுங்கள்.

ஜெலுத்தோங் கணக்கர்
தம்பி, ரொம்ப நன்றி. நேற்றே செய்து பார்த்தேன். முதலில் வரவில்லை, நீங்கள் சொன்ன அதே சிங்க்தான். இன்னொரு முகவரியை ஃபில்டரில் சேர்த்து, அதிலிருந்து எனக்கே ஒரு அஞ்சல் அனுப்பிச் சரிபார்த்தேன். அடிப்பதற்குப் பதில் அதிர்வு மட்டும் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டேன். 12.40க்கு அதிர்ந்தது. எழுந்து, அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒரு விலைப்பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டு வந்து படுத்தேன். காலையில் மடிக்கணினி சத்தமில்லாமல் திறந்தது. அப்பா ஏழே முக்கால் வரை தூங்கினார்.