சீமைக் கருவேல மின்சாரம்: பசுமைக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கண்மாய்க்கரை (கேள்வி):
வணக்கம். இராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். எடைமேடைச் சீட்டுகளும் லாரிகளின் டீசல் கணக்கும் கையில் இருக்கின்றன. விறகுப் புகையின் கரியமில வாயுவைச் சுழியம் என்றே எழுதிவிடலாம் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை வைத்து அளப்பது?

உலர்எடை:
அந்தச் சுழியத்துக்குக் காரணம் உண்டு. நாடுகள் ஐ.நா.வுக்கு அளிக்கும் கணக்கில், மரத்தை வெட்டும்போதே கரிம இழப்பு நிலப் பயன்பாட்டுப் பிரிவில் பதிவாகிவிடுவதால், இருமுறை எண்ணாமலிருக்க எரிசக்திப் பிரிவில் சுழியம் இடுகிறார்கள். ஓர் ஆலையைத் தனியே ஆராயும்போது அதை அப்படியே எடுத்தாள முடியாது. 10 டன் விறகில் 30 விழுக்காடு ஈரம் என்று கொண்டால் உலர்ந்த எடை 7 டன். அதில் ஏறத்தாழப் பாதி கரிமம். முழுதும் எரிந்தால், காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து, சுமார் 12.8 டன் கரியமில வாயு. அந்த லோடுக்காக லாரி 30 லிட்டர் டீசல் குடித்தாலும் வெளியேறுவது 80 கிலோதான். ஆகவே, வெட்டிய தூர் (அடிக்கட்டை) மீண்டும் தழைத்து, அந்த வாயுவைத் திரும்ப உறிஞ்சிப் பழைய பருமனை எட்ட எத்தனை ஆண்டாகிறது என்பதை அளந்தாக வேண்டும். மழைக்காலச் சீட்டுகளையும் கோடைக்காலச் சீட்டுகளையும் தயவுசெய்து ஒன்றாகக் கூட்டாதீர்கள். முன்னதில் பாதி தண்ணீரின் எடையாகவே இருக்கலாம்.

முதுகுளத்தூரான்:
ஆலை இல்லாவிட்டால் அந்த விறகு என்னவாகியிருக்கும் என்பதையும் கேளுங்கள். எங்கள் பகுதியில் அது கரிமூட்டத்துக்குப் போகும்; மண் பூசிய மூட்டத்துக்குள் காற்றுப் போதாமல் வேகும் விறகிலிருந்து மீத்தேனும் வெளியேறும். அதோடு ஒப்பிட்டால் ஆலைக்கு நல்ல பெயர் கிடைக்கும். வேரோடு பிடுங்கி உழவுக்குத் திருப்பிய நிலம் என்றால் கணக்கே வேறு, ஏனெனில் அங்கே மரம் திரும்ப வளராது. இதில் ஒரு முரணும் உண்டு: தூர் தழைத்தால் கரிமக் கணக்கு நேராகும், ஆனால் அயல் மரம் கண்மாயை விட்டு அகலாது.

உலர்எடை:
உண்மை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கக் கூடாது என்கிறேன். விறகு போன்ற உயிரி எரிபொருள்களின் நிலைத்தன்மையை அளக்க உலக உயிரி ஆற்றல் கூட்டமைப்பு (GBEP) 2011இல் வெளியிட்ட 24 குறியீடுகளில் 8 சுற்றுச்சூழலுக்கு உரியவை. பசுங்குடில் வாயு அவற்றுள் ஒன்றே. மண், விறகு வெட்டும் அளவு, காற்று மாசு, நீர்ப் பயன்பாடு, நீரின் தரம், பல்லுயிர், நிலப் பயன்பாடு ஆகியவை மற்றவை. வறண்ட மாவட்டம் என்பதால், குளிர்விக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.

கண்மாய்க்கரை:
நன்றி. சீட்டுகளை மாதவாரியாகப் பிரித்துவிட்டு, வெட்டி ஓராண்டான தூர்களை அளக்க அடுத்த வாரம் போகிறேன்.