ஓப்பன்இஎம்ஆரை நம் கிளினிக்குக்கு மாற்ற மூல நிரலில் கை வைக்கலாமா?

பட்டர்வொர்த் டாக்டர்:
சின்ன கிளினிக். இப்போதுள்ள மென்பொருளின் மாத வாடகை கட்டுப்படியாகவில்லை. இலவசம் என்று ஓப்பன்இஎம்ஆர் என்ற நோயாளிப் பதிவு மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். பதிவுத் திரையிலேயே அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கிறது. ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) போட்ட பெயர்களை எங்கே உட்கார வைப்பது? 'கடைசிப் பெயர்' பெட்டியில் அப்பா பெயரைப் போட்டால், தேடும்போது அப்பாதான் வருகிறார். மூல நிரலையே திருத்தி மலேசியாவுக்கென ஒரு தனிப் பதிப்பு வைத்துக்கொள்ளலாமா?

செராஸ் நிரலர்:
தாராளமாகத் திருத்துங்கள் டாக்டர். அதன் பில்லிங் அமெரிக்கக் காப்பீட்டுக்காகக் கட்டியது: சிகிச்சைக்கான சிபிடி குறியீடு, காப்பீட்டுக்கு அனுப்பும் எக்ஸ்12 கோப்பு. நம் ஊரில் ஊழியர்களின் மருத்துவச் செலவை ஏற்கும் பேனல் கம்பெனிக்கு மாதக் கடைசியில் பில் போகிறது. மற்றவர்கள் கவுண்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, மருந்தும் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கிக்கொண்டு போகிறார்கள். அமைப்புகளை மட்டும் தட்டி இதைக் கொண்டுவர முடியாது. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் திருத்த அனுமதிக்கிறது, அப்புறம் என்ன தயக்கம்?

செந்தூல்காரன்:
உரிமம் இருக்கிறது, சரி. பராமரிப்பது யார்? 2018-இல் ஓப்பன்இஎம்ஆரில் 20-க்கும் மேற்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நோயாளித் தளத்தில் உள்நுழையாமலே உள்ளே போக ஒரு வழி இருந்தது. மூலத்தைத் தொடாதவர்கள் ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். கண்ட கோப்பையெல்லாம் மாற்றியவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஒட்ட வேண்டும். நோயாளி பார்த்துக் களைத்த டாக்டர் இரவில் உட்கார்ந்து இதையா செய்வார்?

டாக்டர், பெயர்ப் பெட்டிகளுக்கு நிரலே வேண்டாம். படிவத்தின் பெட்டிகளை மாற்றும் லேஅவுட் எடிட்டரில் சமூகப் பாதுகாப்பு எண்ணை மறைத்துவிட்டு ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணைச் சேர்க்கலாம். எடையை மெட்ரிக்கில் மட்டும் காட்டவும், மருந்தை உள்ளேயே கொடுக்கவும் அமைப்பு இருக்கிறது. ஐசியின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். இதைப் படித்துத் தானாக நிரப்ப ஒரு சின்ன மாட்யூல் (தனியாகச் செருகும் நிரல்) போதும். ஆனால் 24 என்று தொடங்கினால் 1924-ஆ, 2024-ஆ என்று அது கேட்டே ஆக வேண்டும். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே மருந்தளவு இல்லை.

செராஸ் நிரலர்:
பெயர்ப் பெட்டி எளிய பகுதி. இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிமோல். அங்கே 126 என்றால் இங்கே 7. தாதி 7 என்று அடிக்க, திரை அதை மில்லிகிராமாக எடுத்துக்கொண்டால், உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை என்று காட்டும். இப்படி ஒளிந்திருப்பதைத் தேடித் திருத்த மூலத்துக்குள் போகத்தான் வேண்டும்.

செந்தூல்காரன்:
ஆபத்து உண்மை. அதனால்தான் அலகு நிரலில் புதைந்திருக்கக் கூடாது என்கிறேன். கென்யா, ருவாண்டா போன்ற நாடுகளில் ஓடும் ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற வேறொரு மென்பொருள், பரிசோதனைகளையும் அலகுகளையும் ஒரு அகராதியில் தரவாக வைத்திருக்கிறது. நாடு மாறினால் அகராதியை மாற்றினால் போதும். கனடாவின் ஆஸ்கார் என்ற கிளினிக் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒண்டாரியோ பில்லிங் வேறு, பிரிட்டிஷ் கொலம்பியா பில்லிங் வேறு. மென்பொருள் ஒன்றுதான், அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாகாணத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பேனல் பில்லிங்கையும் தனி மாட்யூலாக எழுதி வெளியிட்டால், பட்டர்வொர்த்தில் எழுதியது செராஸிலும் ஓடும். உங்கள் தனிப் பதிப்பு உங்களோடு நின்றுவிடும்.

செராஸ் நிரலர்:
மாட்யூல் தொற்றிக்கொள்ள மூலத்தில் இடம் வேண்டுமே! இல்லாவிட்டால்?

செந்தூல்காரன்:
அந்த இடத்தை மட்டும் திறந்து, மாற்றத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்புங்கள்.

செராஸ் நிரலர்:
அவர்கள் எப்போது ஏற்பார்களோ தெரியாது. டாக்டர் நாளைக்கும் கதவைத் திறந்தாக வேண்டும். நான் இரண்டு கோப்பைத் திருத்தி ஓட்டிக்கொண்டே போவேன்.

பிறை கவுண்டர்:
தம்பிகளா, நான் மருந்து எடுத்துக் கொடுப்பவள். லேபிளைப் பற்றி யாருமே பேசவில்லையே? எங்கள் லேபிள் மலாயில் வருகிறது. சில பாட்டிகளுக்கு அது படிக்க வராது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நான் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

செந்தூல்காரன்:
முக்கியமான கேள்வி அக்கா. ஓப்பன்இஎம்ஆரில் மொழியை உள்நுழையும் பணியாளர்தான் தேர்ந்தெடுக்கிறார். லேபிளோ நோயாளியின் மொழியில் வர வேண்டும். அதற்கு மாட்யூல் எழுதியே ஆக வேண்டும், முதல் பணத்தை அங்கே போடலாம்.

செராஸ் நிரலர்:
இதில் நானும் உடன்படுகிறேன். ஆனால் டாக்டர், முதலில் 'கொ', 'பை' வரும் ஒரு வரியை உங்கள் லேபிள் பிரிண்டரில் அடித்துப் பாருங்கள். தமிழைச் சரியாகக் கோக்காத பிடிஎஃப் என்றால் கொம்பு இடம் மாறி விழும்.