ஹாஃப் ஸ்பேஸ்: இட்டேரியா, இடைத்தடமா, உள்தடமா?

கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

இந்தியக் கால்பந்து அணித் தேர்வு பற்றி இங்கே நடக்கும் பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப இடறுகிறது. 'லிஸ்டன் ஹாஃப் ஸ்பேஸில் ஆட வேண்டும்', 'சாங்தே ஹாஃப் ஸ்பேஸுக்கு வரவே இல்லை' என்று நம் விங்கர்களை (ஓரத்தில் தாக்குபவர்களை) பற்றி எழுதுகிறோம். படிப்பவர்களில் பலர் அதை 'பாதி மைதானம்' என்று எடுத்துக்கொண்டு பதில் போடுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் ஹால்ப்ரௌம் என்று சொன்னதை ஆங்கிலத்தில் அப்படியே பெயர்த்ததால் வந்த வினை இது.

பொருளை முதலில் சரியாக வைத்துக்கொள்வோம். சர்வதேச மைதானத்தின் வழக்கமான அகலம் 68 மீ. பெனால்டி பெட்டியின் அகலம் 40.32 மீ., கோல் பெட்டியின் அகலம் 18.32 மீ. இந்த இரண்டு பெட்டிகளின் பக்கக் கோடுகள் நான்கையும் எதிர்முனை வரை நீட்டினால் மைதானம் ஐந்து பட்டைகளாகப் பிரியும். இரு ஓரங்களிலும் 13.84 மீ., நட்டநடுவில் 18.32 மீ., இவற்றுக்கு இடையில் இருபுறமும் 11 மீ. அந்த 11 மீட்டர் பட்டைகளுக்குத்தான் தமிழில் பெயர் வேண்டும்; முடிவானதும் வரையறையோடு பதிவிடுகிறேன்.

என் முன்மொழிவு: அரைவெளி.

திருப்பூரிலிருந்து

அரை வேண்டாமுங்க. கால்பந்தில் 'ஹாஃப்' ஏற்கெனவே மூணு வேலை பார்க்குது. முதல் பாதி, இரண்டாம் பாதி ஒண்ணு. மைதானத்தில் நம்ம பாதி, அவங்க பாதி ஒண்ணு. பழைய ஆட்டக்காரர்கள் வாயில் 'ஹாஃப் பேக்' இன்னொண்ணு. நாலாவதா அரைவெளியும் வந்தா பசங்க நடுக்கோட்டுக்கு ஓடிருவாங்க.

'சந்து' என்று வைக்கலாமே? ரைட் பேக்குக்கும் (வலது ஓரத் தடுப்பாளர்) ஸ்டாப்பருக்கும் (நடுத் தடுப்பாளர்) நடுவில் விழுகிற இடத்தை மைதானத்தில் அப்படித்தான் சொல்றோம்.

ஈரோட்டிலிருந்து

சந்து வேறு, இது வேறு. சந்து என்பது இரண்டு ஆட்களுக்கு நடுவே விழுவது. ஆட்கள் நகர்ந்தால் அதுவும் நகரும், சில சமயம் மூடிக்கொள்ளும். நாம் பேசுவது தரையில் நிலையாக இருக்கிற பட்டை. தடுப்பு வரிசை முழுக்க இடப்பக்கம் சரிந்தால் சந்தும் கூடவே போய்விடும், பட்டை அங்கேயேதான் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், 'பட்டையில் நின்றான், ஆனால் சந்து கிடைக்கவில்லை' என்ற சாதாரண வாக்கியத்தையே எழுத முடியாது.

நம் பக்கத்துச் சொல் ஒன்று கையிலேயே இருக்கிறது: இட்டேரி. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே, இருபுறமும் கிளுவை வேலி வைத்துப் போகிற வண்டித் தடம். ஓரமும் இல்லை, நடுவும் இல்லை, ஆனால் ஊருக்குள் கொண்டுபோய் விடும். இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா?

நாமக்கல்லிலிருந்து

சொல் தேடுவது இருக்கட்டும். இந்திய அணிக்கு இந்தப் பட்டையால் ஆகப்போவது என்ன என்பதுதான் என் கேள்வி.

2023 ஆசியக் கோப்பை (கத்தாரில் 2024 ஜனவரியில் நடந்தது): ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டத்திலும் கோலே இல்லை. பிறகு 2027 கோப்பைக்கான தகுதிச் சுற்று: ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1. சிங்கப்பூரில் 1-1 எடுத்தவர்கள் கோவாவில் அதே அணியிடம் 1-2 என்று தோற்று வெளியேறினார்கள். ஓய்வு பெற்றுவிட்ட சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்து வர வேண்டியிருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம். கிளப்புகள் அந்த நான்கையும் பெரும்பாலும் முதுகெலும்பில்தான் செலவழிக்கின்றன: ஒரு ஸ்டாப்பர், ஒரு நடுக்களக்காரர், ஒரு 10-ஆம் எண் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று பந்து தருபவர்), ஒரு ஸ்ட்ரைக்கர். கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டியிலும் இதே கதைதான். முன்னால் பெட்ரோ மான்சி, அவருக்குப் பந்து தந்தவர்கள் நெஸ்டரும் சாண்ட்ரோவும். நம் ஆட்டக்காரர்களுக்கு மிஞ்சுவது விங்கும் பேக்கும். கோலுக்கு முன்னால் முடிவெடுத்துப் பழகாதவனை எந்தப் பட்டையில் நிறுத்தினால் என்ன?

காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்ததும் 2025 காஃபா (மத்திய ஆசியக் கால்பந்து சங்கம்) கோப்பையில் தஜிகிஸ்தானை 2-1 என்று வென்றோம். அந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் அன்வர் அலியும் ஜிங்கானும், இருவரும் ஸ்டாப்பர்கள். கட்டுக்கோப்பாகத் தடுத்து, லாங் த்ரோ, கார்னர், ஃப்ரீ கிக்கில் கோல் எடுப்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகும். அதற்குப் புதுச் சொல் தேவையில்லை.

பொள்ளாச்சியிலிருந்து

நாமக்கல் அண்ணா சொல்வதில் பாதி சரி. ஆனால் தடுத்து ஆடுகிற அணிக்குத்தான் இந்தப் பட்டைக்குப் பெயர் அவசரமாகத் தேவை. ஏன் என்று பாருங்கள்.

நால்வர் தடுப்பு வரிசை பின்வாங்கி நிற்கும்போது ஏறக்குறைய பெனால்டி பெட்டி அகலத்துக்கு ஒடுங்கும். எதிரணி விங்கர் டச் லைனை (மைதானத்தின் பக்கக் கோட்டை) ஒட்டிப் பந்தை வாங்குகிறான். நம் ரைட் பேக் வெளியே போகிறான். அவன் விட்டுப்போன 11 மீட்டருக்குள் எதிரணி நடுக்களக்காரன் ஒருவன் பின்னாலிருந்து ஓடி வருகிறான். அவனை யார் பிடிப்பது? ஸ்டாப்பர் போனால் கோலுக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்டாப்பர்தான் மிச்சம். தடுப்பு நடுக்களக்காரர், ஜீக்சனோ அபுயாவோ, போனால் பெட்டியின் வாசல் காலி. வந்தவன் கோல் லைன் வரை போய் பெனால்டி ஸ்பாட் பக்கம் தரையோடு பின்னால் தள்ளுவான். வாங்குகிறவன் பந்துக்குப் பின்னால் இருப்பதால் ஆஃப்சைடும் கிடையாது. கீப்பர் அருகு போஸ்ட்டில் மாட்டிக்கொண்டிருப்பார். ஸ்டாப்பர்கள் முகம் தங்கள் கோலைப் பார்த்து இருக்கும். இதை ஆட்டத்துக்கு நடுவில் யோசித்து முடிவு செய்ய முடியாது. 'அங்கே ஓடுகிறவன் ஜீக்சனுடைய ஆள், ஸ்டாப்பர் நகரக் கூடாது' என்று முதல் நாளே சொல்லியாக வேண்டும். 'அங்கே' என்றால் எங்கே?

ஐவர் வரிசை இதற்கு ஒரு மருந்து. ஐந்து பட்டைக்கு ஐந்து பேர்: ஜிங்கான் நடுவில், அன்வரும் பேக்கேயும் இருபுறப் பட்டையில், விங் பேக்குகள் ஓரத்தில். விங் பேக் வெளியே போனாலும் பட்டையில் ஆள் இருக்கும். விலை என்னவென்றால் நடுக்களத்தில் இரண்டு பேர்தான் மிச்சம், அவர்கள் உள்ளே இருக்கும் மூன்று பட்டைகளையும் அளக்க வேண்டும். அறுபதாவது நிமிடத்துக்கு மேல் கால் ஓயும்போது பெட்டிக்கு வெளியேயிருந்து அடி விழ ஆரம்பிக்கும். மாற்று ஆட்கள் ஐந்து பேர் உண்டு, ஆனால் ஆட்டம் நடக்கும்போது மூன்று தடவைக்குள் இறக்கிவிட வேண்டும். அதில் ஒன்றை நடுக்களத்துக்கென்று முன்கூட்டியே ஒதுக்காவிட்டால் ஐவர் வரிசையை எடுக்கவே கூடாது என்பேன்.

இனித் தாக்குதல். டச் லைனில் நிற்பவனுக்கு மைதானத்தில் பாதித் திசைதான் உண்டு, கோடே ஒரு தடுப்பாளர். நடுவில் எல்லாத் திசையும் உண்டு, ஆனால் நெரிசல், முதுகைக் காட்டித்தான் வாங்க வேண்டும். இந்தப் பட்டையில் பக்கவாட்டாக உடம்பைத் திருப்பி வாங்கினால் கோலும் தெரியும், தூரத்து விங்கும் தெரியும். ஆகவே தேர்வை ஆளுக்கு ஆள் செய்வதில் பயனில்லை, பட்டைக்கு ஜோடி ஜோடியாகச் செய்ய வேண்டும்.

இடப்பக்கம் லிஸ்டன் வலதுகால்காரர். உள்ளே வந்தால் தூரத்து போஸ்ட் அவர் காலுக்கு நேராக இருக்கும். ஆனால் அவர் உள்ளே வரும் அதே நேரம் லெஃப்ட் பேக் ஓரத்தில் ஏற வேண்டும். ஆகாஷ் மிஸ்ரா ஏறுவார். அங்கே சுபாஷிஷை வைத்தால் பின்னால் பத்திரம், ஓரம் காலி. அப்போது எதிரணி ரைட் பேக் ஒரே ஆளாக இரண்டு பட்டையையும் காவல் காப்பான். லிஸ்டனைத் திட்டிப் புண்ணியமில்லை.

வலப்பக்கம் சாங்தே இடதுகால்காரர். ரைட் பேக் இடத்தில் பேக்கே என்றால் அவர் பாதி ஸ்டாப்பர், அதிகம் ஏற மாட்டார். ஓரத்தைச் சாங்தேதான் பிடிக்க வேண்டும். அவருடைய வேகத்துக்கு அதுவும் பொருந்தும். ஆனால் பட்டைக்குள் நடுக்களக்காரர் பிராண்டனோ சஹலோ வந்தாக வேண்டும். பிராண்டன் அங்கிருந்து தூரத்து போஸ்ட்டுக்கு வளைத்துப் போடுவார். சஹல் வாங்கின வேகத்திலேயே திரும்புவார். பேக்கே, சாங்தே, கூடவே இரண்டு தடுப்பு நடுக்களக்காரர்கள் என்று போட்டால் வலப்பட்டையில் ஆளே இருக்காது. நாமக்கல் அண்ணா கணக்கில் வரும், நாம் கோலே போடாத ஆட்டங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

திருப்பூரிலிருந்து

பொள்ளாச்சி அண்ணா எழுதினது மைதானத்தில் சொல்லிக்கொடுக்க வருதான்னு பார்க்கணும். பெட்டிக் கோடு நாலையும் நடுக்கோடு வரைக்கும் பொடி போட்டு நீட்டிருங்க. 105 மீட்டர் நீள மைதானம்னா ஒரு கோடு கோல் லைனிலிருந்து 52.5 மீ., நாலுக்கும் சேர்த்து 210 மீ. சுண்ணக்கட்டிப் பொடி போதும். சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், வேர்வையில பட்டா தோல் வெந்துரும், கண்ணுல பட்டா ஆஸ்பத்திரிதான். ஆறுக்கு ஆறு, கூட ரெண்டு கீப்பர். கடைசி பாஸ் அந்தப் பட்டையிலிருந்து வந்த கோலுக்கு ரெண்டு புள்ளி. ஒரே பட்டையில் ஒரு அணிக்காரன் ரெண்டு பேருக்கு மேல் நிக்கக் கூடாது.

இதில் எப்பவும் நடக்கிற கோளாறு ஒண்ணு: ரெண்டு புள்ளி ஆசையில் பசங்க பட்டைக்குள்ளேயே போய் நின்னுக்குவாங்க. நிக்கிறவனை மார்க் பண்றது சுலபம். பந்து விங்குக்குப் போற சமயத்தில் ஓடி வந்து சேரணும், முன்னாடியே நிக்கக் கூடாது. கோடு பழகினதும் அழிச்சிருங்க, இல்லேன்னா தரையைப் பார்த்துட்டே ஆடுவாங்க.

இப்பச் சொல்லுக்கு வர்றேன். ஓரத்தில் நின்னு கத்திப் பாருங்க. இடைத்தடம்னு வெச்சா, 'இடது இடைத்தடம்!' நாக்கு சுத்துது. 'இடது இட்டேரி'யும் அதே கதை, இட இட என்றுதான் காதில் விழுது.

ஈரோட்டிலிருந்து

'வல இட்டேரி' நன்றாகத்தானே வருகிறது?

திருப்பூரிலிருந்து

வலது மட்டுமே ஆடினா சரிங்க.

கோபியிலிருந்து

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2-3-5 (தடுப்பில் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர்) ஆடிய காலத்தில் முன்வரிசை ஐவருக்கு என்ன பெயர்? லெஃப்ட் அவுட், இன்சைட் லெஃப்ட், சென்டர் ஃபார்வர்ட், இன்சைட் ரைட், ரைட் அவுட். ஐந்து பேர், ஐந்து பட்டை. 1962 ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய பயிற்சியாளர் ரஹீமின் அணியில் கேப்டன் சுனி கோஸ்வாமி இன்சைட் லெஃப்ட். நீங்கள் இன்று 11 மீட்டர் என்று அளந்து காட்டுவது அவர் ஆடிய இடம்.

ஆகவே உள்தடம். மற்றவை ஓரத்தடம், நடுத்தடம். தடம் என்றால் நம் பக்கம் வழி என்று குழந்தைக்கும் தெரியும், மற்ற ஊரிலும் புரியும். இட்டேரி அழகான சொல்தான், தஞ்சாவூரில் கேட்டால் முழிப்பார்கள்.

கோவையிலிருந்து

ஐயா சொன்னது மனதுக்குப் பிடிக்கிறது. இரண்டு தடை மட்டும்.

ஒன்று, புணர்ச்சி. உள் + தடம் இலக்கணப்படி 'உட்டடம்' ஆகும். அப்படி எழுதினால் ஒருவருக்கும் புரியாது. எழுதாவிட்டால் பிழை என்று யாராவது வருவார்கள். 'உள்துறை அமைச்சர்' என்று நாளிதழ்கள் நாள்தோறும் அச்சிடுகின்றன, யாரும் 'உட்டுறை' என்பதில்லை. அந்தத் தைரியத்தில் உள்தடம் என்றே விடலாம்.

இரண்டு, தடகளத்தில் ஓடுதடம் உண்டே, குழம்பாதா? கால்பந்து பேசும்போது குழம்பாது என்று நினைக்கிறேன். அரைவெளியைத் திரும்பப் பெறுகிறேன்.

இடது உள்தடம் என்றால் யாருக்கு இடது என்பதையும் பதிவில் சொல்லிவிட வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து

தாக்குகிற அணியின் பார்வையில்தான். லிஸ்டன் வருவது இடது உள்தடம். அதே இடத்தைக் காக்கிற எதிரணி ரைட் பேக்கும் அதை இடது உள்தடம் என்றே சொல்ல வேண்டும். தடுப்பாளர்கள் தங்கள் கைப்பக்கம் பார்த்துச் சொன்னால் ஒரே அணிக்குள் கீப்பர் ஒன்று கத்துவார், விங்கர் வேறொன்று கேட்பார். கோவை அண்ணா, 'தாக்கும் அணிக்கு இடது' என்று வரையறையிலேயே போட்டுவிடுங்கள்.

நாமக்கல்லிலிருந்து

சொல் சரி. வரையறையில் '11 மீ. அகலப் பட்டை' என்று போடாதீர்கள். எண் தானாகச் சரியாக வரும், ஆனால் படிப்பவர் மைதான அகலத்தை ஐந்தால் வகுத்துக் கோடு போட்டுவிடுவார். நம் பள்ளி மைதானங்கள் 68 மீட்டர் எங்கே இருக்கின்றன? 55 மீ. அகல மைதானத்தில் விதிப்படி பெட்டி போட்டால் உள்தடம் 11 மீட்டராகவே இருக்கும், ஓரத்தடம்தான் 7.34 மீட்டராகச் சுருங்கும். 45 மீ. என்றால் ஓரத்தடம் 2.34 மீ., விங்கருக்குத் திரும்பக்கூட இடமில்லை. அங்கே லெஃப்ட் பேக்கை ஏறச் சொல்லி ஜோடி போடுவதெல்லாம் வேலைக்காகாது; விங்கரும் உள்நடுக்களக்காரனும் ஒருவன் காலில் ஒருவன் விழுவார்கள். 'பெனால்டி பெட்டியின் பக்கக் கோட்டுக்கும் கோல் பெட்டியின் பக்கக் கோட்டுக்கும் இடைப்பட்ட பட்டை, மைதானத்தின் முழு நீளத்துக்கும்' என்று எழுதுங்கள்.

காலித் ஜமீலின் அடுத்த பட்டியல் வந்ததும் உங்கள் ஜோடிக் கணக்கை அதில் போட்டுப் பார்க்கிறேன்.