முட்டி ஜவ்வு காந்த அலையில் வளருமா?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு 64. ரெண்டு முட்டியும் தேய்மானம், வலதுல மூணாம் கிரேடு. ஆர்த்தோ டாக்டர் "எடையைக் குறைங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க"ன்னு அனுப்பிட்டார். பக்கத்து வீட்டு மாமா சொல்லி ஒரு சென்டருக்குப் போனோம். துடிப்பு மின்காந்தப் புலமாம். தினம் அரை மணி, 21 நாள், 90,000 ரூபாய். "ஜவ்வு திரும்ப வளரும், ஆபரேஷனே வேணாம்"னு ஒரு ஆல்பம் காட்டினாங்க. சிகிச்சைக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேல இடைவெளி நிஜமாவே கூடியிருக்கு! அம்மா வளையலை அடகு வைக்கச் சொல்றாங்க. யாராவது செஞ்சு பார்த்தீங்களா?

மதுரைக்காரன்72:
எனக்குச் செஞ்சது. வலி கொஞ்சம் கேட்டுது, மறுக்க மாட்டேன். மாடிப்படி மட்டும் அதே படிதான்.

பழைய லேப்காரன்:
சகோ, ரெண்டு வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். கசாப்புக்கடையில் மாட்டு முட்டி வாங்கி, குருத்தெலும்பை, அதாவது நீங்கள் சொல்லும் ஜவ்வை, தேங்காய் வழுக்கை மாதிரி சீவி, தட்டில் போட்டு செப்புச் சுருளுக்கு நடுவில் வைப்போம். 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 துடிப்பு; புலத்தின் பலம் 1.5 மில்லிடெஸ்லா. ஒப்பிட்டுப் பார்க்க, கரண்ட் விடாத சுருளுக்குள்ளும் ஒரு தட்டு இருக்கும். விளைவு பொய்யில்லை. செல்லில் அழற்சியை அடக்க உதவும் அடினோசின் ஏற்பிகள் கூடும், அழற்சிப் பொருள்கள் குறையும். ஆனால் தட்டில் இருந்தது நல்ல ஜவ்வு. தேய்ந்து எலும்பு தெரியும் இடத்தில் புதுசா முளைத்து நான் பார்த்ததில்லை. ஜவ்வில் ரத்தக்குழாயே கிடையாதே!

இத்தாலியில் போலோன்யாவின் ரிஸோலி நிறுவனத்தார், தானாகவே மூட்டு தேயும் ஒரு கினிப்பன்றி இனத்துக்கு இதைக் கொடுத்து 2005ல் கட்டுரை போட்டார்கள். தினம் 6 மணி நேரம், 3 மாதம். தேய்மானத்தின் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். உங்களுக்கோ அரை மணி!

மனிதர்களில்? பல சோதனைகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பில் 9 சோதனைகள், 636 பேர். போலி மெஷினை விட வலி 100க்கு 15 புள்ளி போலக் குறைந்தது. நடமாட்டத்தில் சொல்லும்படி மாற்றமில்லை. "அமெரிக்க அனுமதி பெற்றது" என்று போர்டு மாட்டியிருப்பார்களே, 1979ல் கிடைத்த அந்த அனுமதி, ஒட்டாமலே இருக்கும் எலும்பு முறிவுக்கு.

ஆல்பத்துக்கு வருவோம். எக்ஸ்ரேயில் ஜவ்வே தெரியாது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். நின்றபடி எடுத்தால் உடம்பு பாரத்தில் இடைவெளி சுருங்கும், படுக்க வைத்து எடுத்தால் விரியும். ரெண்டு படமும் எப்படி எடுத்தது என்று கேளுங்கள். அப்படியே எத்தனை ஹெர்ட்ஸ் என்றும். அம்மாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காவிரிக்கரை:
இன்னைக்குப் போய்க் கேட்டேன். ஹெர்ட்ஸ் கேட்டா "அது கம்பெனி செட்டிங் மேடம்". முதல் படத்து ஓரத்துல "ஸ்டாண்டிங்"னு இருக்கு. ரெண்டாவதுல அந்த ஓரத்தையே கத்தரிச்சிருக்காங்க. போன்ல எடுத்துட்டு வந்து அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம், "முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு அமுக்கச் சொன்னாரே டாக்டர், அது எத்தனை தடவைடி?"ன்னாங்க.