மார்பு நீர்க்கட்டி நோட்டீஸுக்கு ஒரு சொல் வேணும்

தோழிகளே, காசிமேடு, வியாசர்பாடி பக்கம் வீடு வீடா கொடுக்க ஒரு பக்க நோட்டீஸ் தயாராகுது. இடிக்கிறது ஒரே ஒரு சொல். 'நீர்க்கட்டி'ன்னு போட்டா கர்ப்பப்பை சமாச்சாரம்னு நினைச்சுக்கறாங்க. வெறும் 'கட்டி'ன்னா கேன்சர்னு பயந்துடறாங்க. உங்க தெருவுல என்ன சொல்லுவாங்க?

விஷயம் இதுதான். விரலால தடவிப் பார்த்து நீரா சதையான்னு சொல்ல முடியாது, ஸ்கேன் வேணும். ரிப்போர்ட்ல 'சிம்பிள் சிஸ்ட்' (சாதாரண நீர்க்கட்டி), பைராட்ஸ் 2 (மார்பு ஸ்கேனுக்குப் போடற தர எண், 2ன்னா கேன்சர் இல்லை)ன்னு இருந்தா மெல்லிசான சுவர், உள்ளே வெறும் நீர். அது கேன்சரா மாறாது. வலிச்சா ஊசியால உறிஞ்சி எடுக்கலாம், திரும்ப நிரம்பவும் செய்யும். வர்ற நீர் மஞ்சளோ பச்சையோ, கவலை இல்லை. ரத்தம் கலந்திருந்தாலோ, நீர் எடுத்தும் கட்டி வத்தலைன்னாலோ மேற்கொண்டு பரிசோதனை கட்டாயம்.

குழப்பமே இங்கதான்: ரிப்போர்ட்ல வர்ற 'காம்ப்ளிகேட்டட்' சிஸ்ட் வேற, 'காம்ப்ளெக்ஸ்' சிஸ்ட் வேற. முன்னதுல நீர் கலங்கலா இருக்கும், பெரும்பாலும் 6 மாசத்துல மறு ஸ்கேன் போதும். பின்னதுல சுவர் தடிச்சிருக்கும், உள்ளே சதையும் தெரியும், அதுக்கு பயாப்ஸி (ஊசியால சதைத் துணுக்கு எடுத்து சோதிக்கிறது) வேணும். போன்ல ரிப்போர்ட் படிக்கிறவங்க எழுத்துக்கூட்டிப் படிங்க.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் எடுக்கப் போறவங்களோட துணைக்குப் போக, வார நாள் காலையில வரக்கூடிய 2 பேரும் வேணும். கமெண்ட்ல சொல்லுங்க.